ட்ரெயின் ஜாக்கெட்டை வெட்டியது யார்

எட்வின்,

பன்னிரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் தெருக்களில் நடந்தாயே, அந்தக் கூட்டத்தின் கடைசியில் குடையோடு நானும் வந்தேன். "எங்க அப்பாவும் வந்திருக்காரு" என்று நீ கையைக் காட்டினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாம்பரத்துக்காரர்கள் உடுத்தியதைப் பற்றிய உன் புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். புத்தகத்தில் நீ மிகவும் பெருமைப்படும் அத்தியாயம் தப்பு. அதைச் சரி செய்யக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இருபத்தைந்து வருடமாகக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிகளைப் பற்றிப் பாதி எழுதிய ஆய்வேடு பீரோவின் மேல் கிடக்கிறது. என் வகுப்பில் கடைசி பெஞ்சு எப்போதும் தூங்கும். நீயோ டிசைன் படிக்கிற கடைசி வருடத்தில், பாடத்துக்காகச் செய்கிற ஒரு வேலைக்கு, விடுமுறை நாளில் முப்பது பேரை வெயிலில் நடக்க வைக்கிறாய். அவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏற்றுமதிக்குத் தேறாத சட்டைகளைக் குவித்து விற்ற நடைபாதையைக் காட்டினாய். எண்பதுகளின் தொடக்கத்தில் பெல்பாட்டங்களைப் பிரித்துக் குழாய் பேன்ட்டாக மாற்றிக் கொடுத்த கடை இருந்த இடத்தைக் காட்டினாய். இப்போது அங்கே மருந்துக்கடை. போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுவிட்ட ஸ்டுடியோவைச் சொன்னாய். அந்தக் கோட்டில் நம் தெருவிலேயே ஆறு மாப்பிள்ளைகள் கல்யாணத்துக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் நான் கண்ணால் பார்த்தவை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். "அந்தக் காலத்துல லெக்சரர்னா சஃபாரிதான், நாலு பாக்கெட், நாலும் காலி" என்று நீ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். என் சஃபாரி சூட் இன்னும் பீரோவில் இருக்கிறது. அது இருக்கட்டும்.

முடிச்சூர் ரோட்டில் பக்தா டைலர் கடை முன்னால் நீ நின்றபோது நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன். பக்தவத்சலத்தை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உன் பள்ளிக்கூட டிராயரெல்லாம் அவன் தைத்ததுதான். அவன் தோளில் கை போட்டு அவனை முன்னால் நிறுத்தினாய். "மின்சார ரயிலில் வேலைக்குப் போன பெண்களுக்காக ஒரு ஜாக்கெட்டையே புதுசா கண்டுபிடிச்சவர் இவர். தாம்பரத்துலேருந்து மாம்பலம் வரைக்கும் இதை ட்ரெயின் ஜாக்கெட்னுதான் சொன்னாங்க" என்றாய். மேலே தொங்கும் வளையத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சாதாரண ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறிவிடும், இடுப்பு தெரியும், அக்குளில் கிழியும். அதற்காக அக்குளில், பையன்கள் பறக்கவிடும் காத்தாடி வடிவத்தில் ஒரு துண்டை வைத்துத் தைத்த ஜாக்கெட் அது. இதை நீ அழகாக விளக்கினாய். அப்புறம் அவனிடமே கேட்டாய்.

"அண்ணே, இது எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

பக்தா கூட்டத்தின் மேல் பார்வையை ஓட்டி என்னைக் கண்டுபிடித்தான். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கையில் சுருட்டினான். "எனக்கு இன்னாப்பா தோணும்? ஒருத்தர் சொன்னாங்க, நான் தெச்சேன்" என்றான். நீ அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, "பாத்தீங்களா, இதுதான் நம்ம கைவேலைக்காரங்க குணம்" என்றாய். கைதட்டினார்கள். பிறகு அவன் பெட்டியிலிருந்து எடுத்த பழைய காகித மாதிரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாய். ஜாக்கெட் கைக்கான மாதிரி ஒன்று கல்லூரி விடைத்தாள்களை ஒட்டி வெட்டியது. அதில் சிவப்பு மையில் இருபதுக்கு ஏழு என்றும், பக்கத்தில் 'காரணங்களை எழுதவில்லை' என்றும் இருந்தது. "பாவம், யாரோ ஒரு பையன், பழைய பேப்பர் கடை வழியா டைலர் கடைக்கு வந்துட்டான்" என்றாய். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிவப்பு எழுத்து என்னுடையது. அந்தத் தாள் எந்தப் பழைய பேப்பர் கடைக்கும் போகவில்லை. நம் வீட்டு ஹாலில், தரையில் உட்கார்ந்து, உன் அம்மா வெட்டியது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது எட்டு ஒன்பது வயதுப் பையன். அம்மா பார்க் ஸ்டேஷன் பக்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஒரு நாள் ரயில் குலுங்கியதில் வளையத்தை இழுத்துப் பிடித்தபோது ஜாக்கெட் அக்குளில் கிழிந்துவிட்டது. அன்று முழுவதும் முந்தானையைப் போர்த்திக்கொண்டே டைப் அடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள். பிறகு நான் திருத்தி வைத்திருந்த பழைய டெஸ்ட் பேப்பர்களைக் கேட்டாள். முறையாகத் தையல் படித்தவள் அல்ல. ஓரம் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். மூன்று நாள் காகிதத்தை வெட்டினாள், ஒட்டினாள், கிழித்துப் போட்டாள். "என்னங்க, கொஞ்சம் வந்து நில்லுங்க, கையைத் தூக்குங்க" என்று என் தோளில் காகிதத்தைக் குண்டூசியால் குத்திப் பார்த்தாள். ட்ரெயின் ஜாக்கெட் முதன்முதலில் ஏறியது என் உடம்பில். இதை எழுதும்போதுகூட, அது உன் புத்தகத்தில் வராதா என்று ஒரு மூலையில் தோன்றுகிறது பார். இந்தக் குணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்தாவிடம் போனாள். "இன்னாக்கா இது, கக்கத்துல காத்தாடி வுட்டுகினு போறே?" என்று சிரித்தானாம். முதல் தடவை துண்டு சுருங்கியது. இரண்டாவது தடவை தொங்கியது. இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும்படி துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டச் சொன்னவள் அம்மாதான். மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. மறுநாள் லேடீஸ் பெட்டியில் பக்கத்தில் நின்றவள், "அக்கா, உங்க ஜாக்கெட் மட்டும் எப்படிக்கா தூக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறாள். அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நம் சபையில் பாதிப் பெண்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டும்போது யாரும் இடுப்பை இழுத்து மூடவில்லை என்பதை நானே கவனித்தேன். குரோம்பேட்டை, பல்லாவரம் பெண்கள் தாம்பரம் வரை வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா மாலையில் ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரம் கடையில் நிற்பாள். குண்டான பெண்ணுக்குத் துண்டு எவ்வளவு பெரிதாக வேண்டும், பட்டுக்கு எப்படி, மெல்லிய வாயில் துணிக்கு எப்படி என்று சொல்லிக் கொடுப்பாள். ஒரு நாள் அவளை அழைக்கப் போனவன் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை நிழலில் நின்றுவிட்டேன். அவள் மேஜையில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது. பக்தா குனிந்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் பேசவில்லை. "அப்டியாக்கா" என்றான், "இன்னொரு தபா சொல்லுக்கா" என்றான். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நான் அவளை ஒன்றை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னதில்லை. அவன் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு அவர்கள் மேல் தப்பான சந்தேகம் எதுவும் வந்ததில்லை. ஒரு நிமிடம்கூட வந்ததில்லை. ஆனால் பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவனை ஊர் புரிந்துகொள்ளும், இரண்டு பேர் தோளைத் தட்டுவார்கள். பெண்டாட்டியின் மூளையைப் பார்த்து வயிறெரிகிறவனை யார் புரிந்துகொள்வார்கள்? அதனால் முதல் வகைக் கோபத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

அந்த வருடம் துறைத் தலைவர் பதவியை எனக்கு நான்கு வருடம் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தார்கள். அதே வாரம் கல்லூரி விழாவில் ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "நீங்கதான் ட்ரெயின் ஜாக்கெட் ரூபியோட ஹஸ்பண்டா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். எம்.ஏ., எம்.ஃபில். படித்தவனுக்கு அது அடையாளம். மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். மூன்று பெண்கள் அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், முகமே சரியில்ல? குந்துங்க சார்" என்றான் பக்தா.

"உக்கார வரல. இனிமே என் வீட்டுக்காரி இந்தக் கடைப் படி ஏற மாட்டா. அவ பேரும் இங்க வரக்கூடாது. நாங்க கௌரவமான குடும்பம்."

"சார், இன்னா பேச்சு சார் இது? அக்கா சொல்லிக் குடுத்துதான் இந்த வேலையே எனக்கு வந்துச்சு."

"வேலையை நீயே வெச்சுக்கோ. பேரை விட்டுடு."

அந்த மூன்று பெண்களும் வெளியே போய்விட்டார்கள். அவன் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். "செரி சார். உங்க வூட்டு கௌரவம். என் வாயால அக்கா பேரு வராது" என்றான். பன்னிரண்டு வருடமாக வரவில்லை. உன் முன்னாலும், அந்த முப்பது பேர் முன்னாலும் வரவில்லை. ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதில்கூட என்னைவிட அவன் பெரியவனாகிவிட்டான் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் மேல் மறுபடியும் எரிச்சலாக இருக்கிறது.

வீட்டில் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன். அவள் கடைக்குப் போவதை நிறுத்தினாள். ஒரு மாதம் கழித்து, சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வீட்டைத் தேடி வந்தார். மாதிரி வெட்டுவதற்கு அம்மாவை வேலைக்குக் கேட்டார். அவள் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். "அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டம் இல்லை" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். காபிகூடக் கொடுக்கவில்லை. வந்ததை அவளிடம் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகும் அவள் தினமும் அதே ரயிலில்தான் போனாள். சுற்றிலும் அவள் வெட்டிய ஜாக்கெட். அவளுக்கே யாராவது விளக்கியிருப்பார்கள், "முடிச்சூர் ரோட்டுல ஒரு டைலர் தைக்கிறாருங்க" என்று. தொண்ணூறுகளில் இளம்பெண்கள் சுரிதாருக்கு மாறினார்கள். ஜாக்கெட் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு நாள் பெட்டியில் அது இல்லாமலேயே போயிருக்கும். அதை அவள் பார்த்துக்கொண்டே போய் வந்தாள். நீ எழுதியிருக்கிற வரலாறு முழுவதும் அவள் சீசன் டிக்கெட்டுக்குள் இருந்தது.

உனக்கு இப்போது ஓர் அறிவுரை சொல்ல வேண்டும். பிடித்தால் எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வந்த சுதா, நீ கட்டிக்கொள்ளப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிற பெண், ஸ்டுடியோ முன்னால் அந்த வாடகைக் கோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கோட்டின் முதுகுப் பக்கம் பிரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள், எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக என்றாள். எனக்கே அது தெரியாது. அவள் அடுத்ததைச் சொல்வதற்குள் நீ, "அதாவது இவ என்ன சொல்ல வர்றான்னா" என்று ஆரம்பித்து மீதியை நீயே சொல்லி முடித்தாய். நீ சொன்னது அவள் சொல்லவிருந்ததைவிடச் சுமாராக இருந்தது. அவள் நோட்டை மூடிவிட்டாள். நீ பார்க்கவில்லை. பின்னால் நின்ற நான் பார்த்தேன், ஏனென்றால் அந்த மாதிரி மூடுவது எனக்குப் பழக்கமான காட்சி. அவள் உன்னைவிட நன்றாக வரைகிறாள் என்று நீயே ஒரு தடவை சொன்னாய், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு போதாது. அவள் பேசும்போது கையில் இருப்பதைக் கீழே வை. இன்னொரு தடவை சொல்லச் சொல். இது நான் பக்தாவிடமிருந்து கற்றது, வாழ்ந்து காட்டியதல்ல.

வியாழக்கிழமை நான் அவன் கடைக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை படி ஏறினேன். "அன்னிக்கு சொன்னதை மறந்துடு. எட்வின்கிட்ட உண்மையைச் சொல்லிடு" என்றேன்.

அவன் மிஷினை நிறுத்தவில்லை. "அது எப்டி சார்? மூட சொன்னது நீங்க. தொறக்க சொல்றதும் நீங்களா? வாய வாடகைக்கா வுட்டுகீறேன்? உங்க புள்ளையாண்ட நீங்களே சொல்லுங்க. நான் தெச்சவன். அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கம்பெனிக்காரர் வந்ததையும். அவள் நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவரு அடுத்த வாரமே ஸ்டேஷன்ல என்னைப் பிடிச்சுக் கேட்டாரு. உங்க வீட்டுக்காரர் இஷ்டமில்லைன்னாரே, நிஜமாம்மான்னு. நிஜம்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"இல்லைன்னு சொல்லியிருந்தா நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆகும். அந்த மனுஷன் முன்னால அது எதுக்கு? அப்புறம், தினம் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு அந்த வேலைக்கு என்னால போயிருக்க முடியாது." சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "ஞாயித்துக்கிழமை அவனோட நடந்துட்டு வந்தீங்களே, அன்னிக்காவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். அவனே கண்டுபிடிப்பான்னும் பாத்தேன். சிவப்பு இங்க்கை வெச்சுக்கிட்டு முழிச்சானாமே. வரலாறு வாத்தியார் பையன்!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. "அவன் புத்தகத்துல உன் பேரைப் போடச் சொல்லி எழுதறேன்" என்றேன்.

"போடட்டும். ரூபின்னு மட்டும் போடச் சொல்லுங்க. 'திருமதி'ன்னு ஆரம்பிச்சு உங்க பேரை அதுல ஒட்ட வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பட்டனில் நூல் தொங்குகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

ஆகவே எட்வின், அந்த அத்தியாயத்தைத் திருத்து. வெட்டியது ரூபி, தைத்தது பக்தவத்சலம் என்று எழுது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அவள் எதிரில் உட்கார். துண்டை ஏன் குறுக்கு வாட்டில் வெட்டினாள், பட்டுக்கு என்ன மாற்றினாள், எல்லாவற்றையும் அவள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள். சுதாவையும் கூட்டிக்கொண்டு வா. அன்று நான் வெளியே எங்காவது போய்விடுகிறேன். நான் இருந்தால் நடுவில் பேசுவேன், என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தின் அடியில் 'அன்புள்ள அப்பா' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் பட்டங்களையும் போடப் பேனாவைக் கொண்டு போனேன். போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். உண்மையை வெளிக்கொண்டு வந்தவர் என்று முன்னுரையில் என் பெயரைச் சேர்ப்பாய். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்குக் காட்டுவேன். கேட்கிறவர்கள் அவளைக் கேட்கமாட்டார்கள், என்னைக் கேட்பார்கள். என் பெயர் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே கவரை ஒட்டி, அவள் சபையிலிருந்து திரும்புவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.